புங்கம்பூவுக்கு மடை திறந்த நண்டு

அல்லிக்குளத்தில் தண்ணீரும் நிறைய, பயமும் நிறைய. உள்ளே மீனும் தவளையும் ஆமையும். வெளியே காடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மண்கரை. அந்தக் கரையில் குடியிருந்தான் கொடுக்கன் என்கிற நண்டு. குளத்துக்குக் காவல்காரன் அவன்தான்.

காவல் என்றால் தடியைத் தட்டிக்கொண்டு நடக்கிற காவல் இல்லை. கரைக்குக் குறுக்கே, குளத்திலிருந்து வெளிச்சரிவு வரை, ஏழு வளை துளைத்து வைத்திருந்தான். ஒவ்வொன்றின் வாயிலும் களிமண் அடைப்பு. எவனாவது திருட்டுத்தனமாகச் சரிவில் ஏறினால், கொடுக்கன் ஒரே ஒரு அடைப்பைப் பிடுங்குவான். தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாயும். சரிவு சேறாகும். அந்தச் சேற்றில் தேளி மீன்கள் படையாக ஊர்ந்து வரும். தேளி முள் குத்தினால் எப்பேர்ப்பட்ட சூரனும் அம்மா என்று அலறுவான். திருடன் ஓடியதும் அடைப்பைத் திரும்பப் போட்டுவிடுவான். அரை நாள் வெயிலில் சரிவு காய்ந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை. கொடுக்கனுக்குக் கண்கள் இரண்டும் குச்சியின்மேல் எடுப்பாக நின்றனவே தவிர, பார்வை மட்டு. வாடைதான் அவனுக்கு எல்லாம்.

அதனால் குளத்தில் ஒரு வழக்கம். புது எதிரி வந்துபோனால் தவளைச் சபை கூடும். விசாரிக்கும். அந்த எதிரிக்கு ஓர் அடையாளப் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். எலிக்கு எலிப்புழுக்கை. சாரைப்பாம்புக்கு அது உரித்துப்போட்ட சட்டை. கொடுக்கன் அதைத் தன் வளை வாசலில் ஒட்டிவைத்து, தினம் காலையில் ஒரு தரம் மோந்து பார்த்துக்கொள்வான். அந்த வாடை மறுபடி காற்றில் வந்ததோ, அடைப்பு பறக்கும்!

மாசி மாதம் செங்கமலம் என்கிற ஆமை வெளிச்சரிவில் குழி பறித்துப் பதினான்கு முட்டை இட்டாள். குளத்துப் பக்கம் ஈரம். ஈரத்தில் முட்டை அழுகிப்போகும். அதனால்தான் பயமிருந்தாலும் வெளிச்சரிவு.

"தம்பி, போன வருஷம் இட்டதுல ஒண்ணுகூடத் தேறலை. அத்தனையும் எவனோ தின்னுட்டான். இந்த வருஷமாவது எனக்குப் பிள்ளைங்க வேணும்" என்றாள்.

"நான் இருக்கேன்ல அக்கா! பதினாலும் பொரிச்சு, 'மாமா மாமா'ன்னு என் முதுகுல ஏறும், பாருங்க!"

செங்கமலம் சிரித்தாள். அவளுக்கு அது போதும்.

நாலு நாள் கழித்து, உச்சி வெயிலில், ஒரு கீரி வந்தது. அப்போதுதான் இரண்டொரு பூ விடத் தொடங்கியிருந்த கரையோரப் புங்க மரத்தடியில் படுத்துப் புரண்டுவிட்டு, சோம்பல் முறித்துக்கொண்டு மெல்லச் சரிவில் ஏறியது. கொடுக்கனுக்கு உருவம் தெரியவில்லை. ஆனால் குப்பென்று ஒரு கவிச்சி வாடை வந்தது. பச்சை முட்டையும் பழைய ரத்தமும் கலந்த மாதிரி ஒரு வாடை. கீரி ஒரு முட்டையைத் தோண்டி உடைத்தே விட்டது.

"யாருடா அது!" என்று கத்திக்கொண்டே கொடுக்கன் இரண்டு அடைப்புகளைப் பிடுங்கினான்.

பாய்ந்தது தண்ணீர். வழுக்கியது சரிவு. படைத்தலைவன் மீசையன் முன்னால் வர, பின்னால் இருபது தேளிகள். கீரியின் காலில் ஒன்று, வாலில் இரண்டு, வயிற்றில் நாலு என்று முள் ஏறியது. "ஐயோ, போதும்!" என்று கீரி விழுந்தடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. கொடுக்கன் வளைகளை அடைத்தான். சாயங்காலத்துக்குள் சரிவு உலர்ந்துவிட்டது. பதினான்கில் ஒன்று போனது. பதிமூன்று பத்திரமாக இருந்தன.

மறுநாள் சபை கூடியது. தலைவர் பெருவாயர் அல்லி இலைமேல் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சண்டை நடந்தபோது சபையார் அத்தனை பேரும் குளத்தின் அடிச்சேற்றில் இருந்தார்கள். அதனால் என்ன? விசாரிப்பதற்குப் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

"களத்தில் என்ன கிடந்தது?" என்று கேட்டார் பெருவாயர்.

ஒரு குட்டித் தேரை மூன்று புங்கம்பூக்களை நீட்டியது. கீரி மரத்தடியில் புரண்டபோது அதன் உடம்பில் ஒட்டி, ஓடும்போது உதிர்ந்த பூக்கள் அவை.

மீசையன் முன்னால் வந்தான். "ஐயா, சேறு தெறிச்சதுல ஆளைச் சரியாப் பார்க்கலை. ஆனா என் முள்ளுல மயிர் சிக்கியிருக்கு. திருடனோட மயிர். மோந்து பாருங்க, நாறுது."

பெருவாயர் முகத்தைச் சுளித்தார். "களத்தில் கிடந்ததைத்தான் சபை எடுத்துக்கொள்ளும். உன் முள்ளில் இருப்பது உன் சொந்த விஷயம். அதோடு, நாறுகிற பொருளை எப்படியப்பா சபையில் வைப்பது? இந்தப் பூவைப் பார். சுத்தமாக இருக்கிறது. எண்ணிக்கையும் மூன்று. எதிரியின் அடையாளம் புங்கம்பூ! முடிந்தது!"

"முடிந்தது! முடிந்தது!" என்று சபையே கத்தியது.

செங்கமலம் மெதுவாகத் தலையை நீட்டினாள். "ஐயா, புங்க மரம் இங்கதானே நிக்குது? பூ அதுலேர்ந்துகூட விழுந்திருக்கலாமே?"

"அம்மா, முட்டை இடுவது உன் வேலை. முடிவு எடுப்பது எங்கள் வேலை!"

கொடுக்கன் முன்னால் நகர்ந்து வந்தான். அவன் மோந்தது பூவாடை இல்லை. கவிச்சி. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். "தலைவரே, எனக்கு வந்த வாடை வேற மாதிரி..." என்று ஆரம்பித்தான்.

"வா வா, உன்னைத்தான் கூப்பிட இருந்தேன்!" என்றார் பெருவாயர். வட்டமான அல்லி இலை ஒன்றைக் கிழித்து அவன் முதுகில் போர்த்தினார். "இன்று முதல் இவன் வெறும் கொடுக்கன் இல்லை. கரைகாத்த கொடுக்கன்!"

தவளைகள் கத்திய கத்தலில் குளமே அதிர்ந்தது. கொடுக்கன் குனிந்து தன் முதுகைப் பார்க்க முயன்றான். இலை பச்சைப்பசேல் என்று தெரிந்தது. சொல்ல வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டான். நமக்கு எதற்கு வம்பு? படித்தவர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும்! மூன்று பூவையும் வளை வாசலில் ஒட்டிக்கொண்டு தூங்கப் போனான்.

பங்குனி பிறந்தது. புங்க மரம் கொத்துக்கொத்தாகப் பூத்தது. பூத்த மரம் உதிர்க்காமல் இருக்குமா?

முதல் பூ சரிவில் விழுந்தது. வாடை வந்தது. கொடுக்கன் துள்ளி எழுந்தான்.

"எதிரி! எதிரி!"

அடைப்பு பறந்தது. தண்ணீர் பாய்ந்தது. மீசையன் படையோடு வந்து அங்கும் இங்கும் ஊர்ந்து பார்த்தான்.

"எங்கேப்பா எதிரி?"

"ஓடிட்டான் அண்ணே!"

"காலடியே இல்லையே!"

"அவ்வளவு வேகமா ஓடிட்டான்!"

எதிரி இல்லாத இடத்தில் படை சும்மா இருக்குமா? வந்ததற்கு எதையாவது குத்த வேண்டாமா? அந்த வழியாகப் போன நத்தையைக் குத்தினார்கள். தண்ணீர் குடிக்க வந்த அணிலைக் குத்தினார்கள். கடைசியில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

சிரிக்காதீர்கள். நம் உடம்பிலும் இந்தக் கூத்து நடக்கிறது. தோலுக்கடியிலும் மூக்குக்குள்ளும் மாஸ்ட் செல் என்று காவல் உயிரணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிருமி வந்தால் மடையைத் திறந்து படையைக் கூப்பிடுகிற நல்ல பிள்ளைகள்தான். ஆனால் தப்பான அடையாளத்தைக் கையில் கொடுத்துவிட்டால், ஒரு துளிப் பூத்தூளுக்கு மூக்கை வீங்கவைத்து, கண்ணைச் சிவக்கவைத்து, அடுக்கடுக்காகத் தும்மவைத்துவிடும். தூள் நம்மை ஒன்றும் செய்யாது. காவல்தான் செய்கிறது. சரி, கதைக்கு வருவோம்.

மறுநாள் ஐந்து பூ. அதற்கு மறுநாள் இருபது. கொடுக்கன் ஒரு நாளைக்கு மூன்று தரம் மடை திறந்தான். ஒரு தரம் திறந்ததை அடைப்பதற்குள் அடுத்த பூ விழும். சரிவு காயவே இல்லை. மண் ஊறி, உப்பி, தொட்டால் அமுங்கியது. குளத்துத் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. மேலே இருந்த வளைகளில் தண்ணீர் ஏறவில்லை என்று, கொடுக்கன் இன்னும் கீழே மூன்று வளை புதிதாகத் துளைத்தான். தூக்கமில்லை, சாப்பாடில்லை. இப்படி ஓர் உழைப்பாளியை எங்கே தேடுவது!

பெருவாயர் மறுபடி சபையைக் கூட்டினார். "இந்தப் பத்து நாளில் நம் காவல்காரன் எதிரியை இருபத்தாறு தரம் விரட்டியிருக்கிறான். ஒரு தரம்கூட எதிரி கண்ணில் படவில்லை. எவ்வளவு பயந்துபோயிருக்கிறான், பாருங்கள்!"

இன்னொரு அல்லி இலை வந்தது. கொடுக்கன் அதையும் போர்த்திக்கொண்டான். இப்போது நடப்பதே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அன்று மத்தியானம் செங்கமலம் சேற்றில் புரண்டு அவனிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும், மடையை மூடு. குழியில கைவச்சா சில்லுன்னு இருக்கு. முட்டை மேல பூஞ்சை பூக்குது. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா அத்தனையும் அழுகிரும்!"

"நான் என்ன அக்கா பண்றது? எதிரி வந்துக்கிட்டே இருக்கானே! உங்க பிள்ளைங்களுக்காகத்தானே இந்தப் பாடு படறேன்?"

"எதிரி யாரு தம்பி?"

"பூ!"

"பூ முட்டை தின்னுமா?"

கொடுக்கன் வாசலில் ஒட்டியிருந்த பூவை ஒரு தரம் மோந்து பார்த்தான். அந்தக் கவிச்சி வாடை ஒரு நொடி ஞாபகத்தில் வந்து போனது. இப்போது போய், நான் அன்றைக்கே வேறு வாடை மோந்தேன் என்று சொன்னால் என்ன ஆகும்? முதுகில் இருக்கிற இரண்டு இலையும் போகும். பேருக்கு முன்னால் இருக்கிற 'கரைகாத்த'வும் போகும்.

"சபை சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா" என்றான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறியே தம்பி!" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனாள். போகிற வழியெல்லாம் அழுதாள்.

மறுநாள் காலை பலத்த காற்று அடித்தது. புங்க மரம் ஒரே உலுக்கில் மொத்தப் பூவையும் கொட்டியது. சரிவு முழுக்கப் பொரி இறைத்த மாதிரி வெள்ளை.

கொடுக்கனுக்குத் தலை சுற்றியது. ஆயிரம் எதிரி! பத்தாயிரம் எதிரி!

"வந்துட்டானுங்க! கூட்டமா வந்துட்டானுங்க!"

ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வளையையும் திறந்துவிட்டான். ஏற்கெனவே ஊறி உப்பியிருந்த கரை, அதற்குமேல் தாங்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி சரிந்தது; குளத்துத் தண்ணீர் அந்த வழியாக வடிந்து ஓடியது. மண்ணோடு மண்ணாக முட்டைக் குழியும் பிளந்தது. பதிமூன்று முட்டைகளும் சேற்றில் உருண்டன. இரண்டு வழியிலேயே நசுங்கிவிட்டன; மற்றவை உருண்டு உருண்டு கரையடியில் போய் நின்றன.

கரையடியில், சேறு படாத ஒரு மேட்டில், கீரி உட்கார்ந்திருந்தது.

"வாங்க வாங்க" என்றது முட்டைகளைப் பார்த்து.

அப்போதுதான் கொடுக்கனுக்கு அந்த வாடை வந்தது. பச்சை முட்டையும் பழைய ரத்தமும். பூ வாடையையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தது.

"இதான்! இந்த வாடைதான்! மீசையண்ணே, உண்மையான எதிரி வந்துட்டான்! ஓடி வாங்க!"

மீசையன் வரவில்லை. பத்து நாளாகச் சேற்றுக்கும் குளத்துக்கும் அலைந்த படை, குளத்தின் நடுவே மிச்சமிருந்த குட்டையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கொடுக்கன் அடைப்பைப் பிடுங்க ஓடினான். எந்த அடைப்பை? பத்தும் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தன. அவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"வீணா அலையாதே தம்பி" என்றது கீரி. முதல் முட்டையை அழகாக உடைத்தது. "உன் தேளிகளுக்குப் பயந்துதான் இத்தனை நாள் பக்கத்துல வராம இருந்தேன். இந்தச் சரிவுல எப்படி ஏறறதுன்னு யோசிச்சு யோசிச்சு இளைச்சே போயிட்டேன். நீ என்னடான்னா வாசலுக்கே அனுப்பி வச்சுட்டே! உன்னை மாதிரி ஒரு காவல்காரன் எல்லாக் குளத்துக்கும் வாய்க்கணும்."

இரண்டாவது முட்டை. மூன்றாவது முட்டை.

கொடுக்கன் முதுகு இலைகளை உதறினான். சரிவில் தாறுமாறாக உருண்டு இறங்கி, கீரியின் மூக்கைத் தன் பெரிய கொடுக்கால் கவ்வினான். கீரி வீறிட்டது. தலையை உதறியது. தரையில் அடித்தது. கொடுக்கன் விடவில்லை. பூவுக்குக் காட்டிய வீரத்தில் பாதியைத்தான் இப்போது காட்ட முடிந்தது, அதற்குமேல் உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் விடவில்லை. கடைசியில் கொடுக்கு மூட்டோடு முறிந்து வந்தது. அவன் தூரப் போய் விழுந்தான்.

அந்தச் சண்டை நடந்த நேரத்தில் செங்கமலம் மூன்று முட்டைகளை மார்பால் தள்ளிக்கொண்டு புதருக்குள் மறைந்துவிட்டாள். கீரி மூக்கைத் தடவிக்கொண்டு, மிச்சம் கிடந்ததைத் தின்று முடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி போனது. கணக்கில் எட்டு முட்டை அதன் வயிற்றுக்குள் போயிருந்தது.

அடிச்சேற்றிலிருந்து சபை வெளியே வந்தது. பெருவாயர் சரிந்த கரையைச் சுற்றிப் பார்த்தார். வற்றிய குளத்தைப் பார்த்தார். விசாரணை உடனே தொடங்கியது.

"களத்தில் என்ன கிடக்கிறது?"

"சேறு ஐயா!" என்றது தேரை. "எங்க பார்த்தாலும் சேறு!"

"அப்படியானால் எதிரியின் புது அடையாளம் சேறு! பூவும் சேரட்டும். முடிந்தது!"

"முடிந்தது! முடிந்தது!"

"இல்லை!" என்று கத்தினான் கொடுக்கன். ஒற்றைக் கொடுக்கோடு நடுவில் வந்து நின்றான். "எதிரி பூவும் இல்லை, சேறும் இல்லை. கீரி! இன்னைக்கு மோந்தேன். அன்னைக்கும் மோந்தேன். இலைக்கு ஆசைப்பட்டு அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன். தப்பு என்னுது!"

பெருவாயர் பரிவோடு தலையை ஆட்டினார்.

"பாவம், அடிபட்டதில் பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது. இன்னொரு இலை போர்த்துங்கள்."

கொடுக்கன் இலையை வாங்கவில்லை. வாசலில் ஒட்டியிருந்த பூக்களைப் பிய்த்து எறிந்தான். பத்து வளையையும் ஒற்றைக் கொடுக்காலேயே மண் சுமந்து அடைத்தான். முடிக்க நாலு நாள் ஆனது. அதன் பிறகு செங்கமலத்தைத் தேடிப் போனான். அவள் ஒரு கல்லோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான். "மூணு மிஞ்சிச்சாமே?"

"மிஞ்சிச்சு தம்பி."

"நல்லா இருக்கா?"

"காஞ்ச இடமாப் பார்த்துப் புதைச்சிருக்கேன். நல்லா இருக்கும்."

"எங்க அக்கா வச்சிருக்கீங்க?"

செங்கமலம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முறிந்த கொடுக்கின் அடியில் இன்னும் புண் ஆறவில்லை. அவள் கண்ணில் கோபம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"கேட்காதே தம்பி. சொன்னா நீ காவல் காக்க வந்துருவே. அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

தான் அறிந்ததை மறைத்துவிட்டு, பிறர் கொடுத்த பொய் அடையாளத்தை நம்பி ஆயுதம் எடுக்கும் காவல், திருடனைவிடப் பொல்லாதது.